இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்

"அந்தக் கண்ணாடிய வந்து பாரு லூசி! மனுசனுக்குச் சோறு எறங்குமா? பெரிய சுத்தக்காரின்னு ஊரு பூரா பேரு!"

"வாய அளந்து பேசுங்க அக்கா! அது உங்க பக்கத்துலேர்ந்து துப்புனது. உங்க மவன் ராஜன் சந்துல நின்னு சிகரெட்டு ஊதறது எனக்குத் தெரியாதா?"

"எம் மவன் துப்புனானா? உங்க மாமனாருதான் வருசக்கணக்கா இந்தச் சந்துல காறிக் காறித் துப்புனாரு. நான் ஒரு பாவாடைய நிம்மதியா காயப் போட்டிருப்பேனா?"

"செத்தவர இழுக்காதீங்க!"

"நான் எங்கலா இழுத்தேன்? அங்க பாரு, அவரு வேலைதான் வழியுது!"

கிள்ளானில், ரயில் தண்டவாளத்தில் போய் முட்டும் ஒரு சந்தின் இரு பக்கமும் இருக்கும் வரிசை வீடுகள் அவை. லூசி வீட்டுப் பின்பக்கமும் வள்ளியம்மா வீட்டுப் பின்பக்கமும் ஒரே சந்தைப் பார்த்தவை. நடுவே லொங்காங் என்கிற சாக்கடை, அதில் எப்போதும் ஓடாத தண்ணீர். இந்தச் சந்தில் நடந்த சண்டைகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கோர்ட்டே கட்டியிருக்கலாம். ஆனால் அன்று காலை நடந்த சண்டைக்கு நியாயம் சொல்லக்கூடிய நீதிபதி இன்னும் பிறக்கவில்லை.

லூசி வீட்டுப் பின் அறை ஜன்னலில், ஆள் நெஞ்சு உயரத்தில், ஒரு கறை. மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட நிறம். மேலே தடித்து, கீழே இழுத்து, நுனியில் ஒரு சொட்டாக நின்றது. அது என்ன என்று யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சளி. நன்றாக முற்றிய, நெஞ்சின் அடியிலிருந்து புரட்டி எடுத்த கோழை.

வெளியே இருக்கிறது என்றாள் லூசி. உள்ளே இருக்கிறது என்றாள் வள்ளியம்மா. கடைசியில் வள்ளியம்மாதான் வழி சொன்னாள். "நீ உள்ள நின்னு தொட. நான் வெளிய நின்னு தொடைக்கிறேன். யார் துணியில வருதுன்னு பாத்துருவோம்."

லூசி விடுவிடுவென்று உள்ளே போனாள். கையுறை, துணி, ஒரு போத்தல் குளோரோக்ஸ் பிளீச். வள்ளியம்மா கம்பிக் கிரில்லுக்குள் கையை விட்டு, பழைய பனியன் துணியோடு தயாராக நின்றாள். அந்த ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. வெளிச்சத்தம் உள்ளே வராது. வள்ளியம்மாவின் வாய் அசைவது தெரிந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பேச முடியாத வள்ளியம்மாவைப் பார்ப்பது லூசிக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு பேரும் ஒரே இடத்தில், முகத்துக்கு முகம், தேய்த்தார்கள்.

லூசியின் துணி வெள்ளையாகவே இருந்தது.

வள்ளியம்மாவின் துணியிலும் ஒன்றும் இல்லை.

கறை போகவில்லை. லூசி இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அப்போது, இரண்டு துணிகளுக்கும் இடையில், யாருடைய கையும் படாத இடத்தில், அந்தச் சொட்டு மெல்ல நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்து, ஒரு விரல் நீளம் கீழே இறங்கியது.

வள்ளியம்மாவின் வாய் அசைவது நின்றுபோயிற்று.

*

லூசியின் மாமனார் ரபேல் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். புகையும் கரியும் பாதி, சுருட்டு மீதி என்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அந்தப் பின் அறைதான் அவருடையது. ஒவ்வொரு வண்டியும் போன பிறகு எழுந்து ஜன்னலுக்கு வருவார். தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல் சும்மா வராது. வயிற்றில் தொடங்கி, நெஞ்சில் உருண்டு, தொண்டையில் ஒரு தடவை சுழன்று, வாயில் வந்து சேரும். பிறகு ஒரு காறல். சந்தில் ஒரு சொத்.

லூசியோ பாத்திரம் கழுவிய தண்ணீரையே இன்னொரு தடவை கழுவுகிற ஆள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சொத் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சாப்பாடு தொண்டையில் நின்றுவிடும். புருஷன் கால்வினிடம் சொல்லிப் பார்த்தாள். கால்வின் நல்லவன். ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லமாட்டான். அப்பாவிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வந்தது. ரயில் சத்தம் தாங்கவில்லை, மாமாவுக்குத் தூக்கம் கெடுகிறது என்று தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்தாள். பாவம், எவ்வளவு அக்கறை என்று மாதா கோயிலில்கூட இரண்டு பேர் மெச்சினார்கள். ஆனால் ரயில் சத்தத்துக்குத்தான் என்றால் திறந்து மூடுகிற மாதிரியும் வாங்கியிருக்கலாமே? லூசி வாங்கியது திறக்கவே முடியாத ஒற்றைச் சட்டம். சுற்றி ரப்பர், அதற்கு மேல் சிலிகான். அதோடு கட்டிலுக்கடியில் கிழவர் மணல் போட்டு வைத்திருந்த மைலோ டின்னையும் தூக்கிப் போட்டாள். "டிஷ்யூ இருக்கு மாமா. அதுல துப்புங்க."

டிஷ்யூவில் துப்பக் கிழவருக்கு வரவில்லை. அது என்ன பொம்பளைப் பழக்கம் என்று நினைத்தாரோ என்னவோ. ஏர்கோன் குளிரும் அறையில், வண்டி போவது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காத அந்தக் கண்ணாடி முன்னால், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தொண்டை உருளும். வாய் நிறையும்.

விழுங்கிவிடுவார்.

ஒரு மத்தியானம் அப்படி உட்கார்ந்தபடியே போய்விட்டார். உடம்பைக் கழுவ வந்தவர்கள் வாயைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது என்றும், பஞ்சு போதாமல் இன்னொரு கட்டு வாங்கிவரச் சொன்னார்கள் என்றும் வள்ளியம்மா சொல்லித்தான் நமக்கெல்லாம் தெரியும். லூசி அந்தப் பக்கமே போகவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு லூசி கட்டிலை விற்றாள். சுவரை இடித்துச் சமையலறையோடு சேர்த்தாள். சாவு விழுந்த அறை சாப்பாட்டு அறையானது. நல்ல மேசை, கண்ணாடி அலமாரி, சுவரில் இயேசுவின் கடைசி இராப்போஜனப் படம். மேசையின் ஒரு முனை அந்த ஜன்னலை ஒட்டியே கிடந்தது.

அந்த மேசைக்குத்தான் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவதாக இருந்தது. மகள் செரீனாவைப் பெண் கேட்டு.

*

மாப்பிள்ளை ரோனி. தங்கமான பையன். அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது அவன் அம்மா கேரனைப் பற்றி. பிரிக்பீல்ட்ஸில் உயரமான கொண்டோ அடுக்குமாடி ஒன்றில் மகனோடு இருக்கும் விதவை. மெத்தடிஸ்ட் சபைக்காரி. கைப்பையில் பைபிள் இருக்கிறதோ இல்லையோ, ஈர டிஷ்யூ இருக்கும். ஏற்கெனவே ஒரு பெண் வீட்டில் குளியலறைத் தரை வழுக்குகிறது என்று காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தவள். "கேத்தலிக்னா பரவால்ல. வீடு சுத்தமா இருக்கணும்," என்று தூது வந்தவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். செரீனாவுக்கு அதற்கு முன்பு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் லூசி கோயிலில் முன் வரிசையில் உட்காரமாட்டாள்.

ஆகவே கண்ணாடிக்காரன் வந்தான்.

மேருவில் ஒரு கண்ணாடிக் கடையில் பெர்மிட்டில் வேலை செய்கிற சாதிக், தமிழ்நாட்டுப் பையன். வாயாடி. ஜன்னலைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, சிரித்தான்.

"இதுக்கா அக்கா பயந்தீங்க? இது எல்லா டபுள் கிளாஸ்லயும் வர்றதுதான். சுத்தி இருக்கிற சீல் போயிருச்சு. நடுவுல ஈரம் எறங்கிருச்சு. உள்ள பட்டையில ஈரத்த உறிஞ்ச மணி மணியா போட்டிருப்பாங்க, அதுவும் ஊறிப்போச்சு. அதான் பூஞ்சக்காளான் பிடிச்சிருக்கு."

"பூஞ்சக்காளானா?" லூசிக்கு அந்தச் சொல் அமிர்தமாக இருந்தது. கறைக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது.

"மொத்தக் கண்ணாடியையும் மாத்தறதுதான் முறை. ஆர்டர் குடுத்தா அடுத்த மாசம் வந்துரும்."

"ஞாயித்துக்கிழம ஆளுங்க வர்றாங்க தம்பி."

சாதிக் தலையைச் சொறிந்தான். "அப்ப ஓட்டை போட்டுக் கழுவி விடலாம். ஒரு சின்ன ஓட்டை. மருந்துத் தண்ணி அடிச்சு, காத்து அடிச்சுக் காய வச்சு, மூடி போட்டுருவேன். பளிச்சுன்னு ஆயிரும். ஆனா வெளிய கிரில் இருக்கு, டிரில் நொழையாது. உள்பக்கக் கண்ணாடியிலதான் போடணும். பரவால்லையா?"

"எங்க வேணா போடு தம்பி. போனா சரி."

முதலில் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகளைக் குத்தினான். அடைத்திருந்தால் ஈரம் தங்கும் என்றான். ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தான். கம்பியோடு ஒன்று வந்தது. கஞ்சியில் ஊறிய நூல் மாதிரி. இழுக்க இழுக்க வந்தது. அறுபடவில்லை. அதில் கறுப்பாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. சாதிக் ஒன்றை விரலில் எடுத்து நசுக்கினான்.

"என்னக்கா, புகையிலை மாதிரி இருக்கு?"

"நத்தையா இருக்கும்," என்றாள் லூசி. அவள் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்கப் பிடிக்கவில்லை.

கண்ணாடியின் கீழ் மூலையில், மேசை மட்டத்துக்குச் சற்று மேலே, டிரில்லை வைத்தான். சிணுங்கியது, கத்தியது, நின்றது. ஓட்டை விழுந்ததும் அதன் வழியே ஒரு காற்று வந்தது.

இரண்டு கண்ணாடிக்கு நடுவில் எவ்வளவு காற்று இருக்க முடியும்? ஒரு மிடறு.

ஆனால் அது வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பாக. நீளமாக. நெஞ்சில் நாளெல்லாம் அடக்கி வைத்த மூச்சைக் கடைசியில் ஒருவர் விடுவதுபோல. சுருட்டு வாடை. விக்ஸ் வாடை. அதற்குக் கீழே, பல் துலக்காத வாயின், படுக்கைத் துணியின், புளித்த எதுவோ ஒன்றின் வாடை.

சாதிக்கின் முகத்தில் நேராக அடித்தது. டிரில்லை அப்படியே வைத்துவிட்டுப் பின் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். சந்தில் அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தமும் கேட்டது. வள்ளியம்மாவுக்கு இதுபோன்ற சத்தம் தவறாது.

திரும்பி வந்தவன் சிரிக்கவில்லை. வாயைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு மளமளவென்று வேலையைப் பார்த்தான். மருந்துத் தண்ணீர் அடித்தான். வழிந்தது, கழன்றது, மஞ்சளாக ஒரு வாளியில் இறங்கியது. வாளியை லூசி பார்க்கவில்லை. கண்ணாடி தெளிந்தது.

அப்போதுதான் லூசிக்கு அந்த யோசனை வந்தது. அதுதான் அவள் செய்த பிழை. அலமாரியின் மேல்தட்டில், மாதா சுரூபத்தின் பக்கத்தில், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் பிடித்து வந்த தீர்த்தம் ஒரு போத்தல் இருந்தது. காய்ச்சலுக்கு நெற்றியில் தடவுவாள், புதுக் காருக்குத் தெளிப்பாள். எடுத்து வந்து சாதிக்கிடம் நீட்டினாள்.

"இதையும் உள்ள ஊத்து தம்பி."

"என்னக்கா இது?"

"கண்ணாடி தொடைக்கிற தண்ணிதான்."

தீர்த்தத்தை வீட்டைச் சுற்றித் தெளித்தால், இருப்பது வெளியே போக வழி உண்டு. வெளியே போக வழியே இல்லாத இடத்தில் ஊற்றி மூடினால் அது எங்கே போகும் என்று லூசி யோசிக்கவில்லை. சுத்தம் செய்கிறவர்கள் அதைத்தான் யோசிப்பதே இல்லை.

சாதிக் ஊற்றினான். தண்ணீர் கண்ணாடிகளுக்கு நடுவே இறங்கியது. பாதியில் நின்றது.

ஒரு கணம் அசையாமல் அங்கேயே நின்றது.

பிறகு, தொண்டைக்குள் ஒரு மிடறு இறங்குவதுபோல, இறங்கியது.

சாதிக் பிளாஸ்டிக் மூடியை ஓட்டையில் அழுத்திவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போனான். டிரில்லை மறந்துவிட்டிருந்தான். அதற்காகத் திரும்பியும் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி புதுசுபோல இருந்தது. எதிரே வள்ளியம்மா வேலையே இல்லாமல் கொடியில் உலர்ந்த துணியையே மறுபடி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரை ஒரு பார்வை பார்க்க வேண்டாமா?

கேரன் வெளிர்நீலச் சேலையில் வந்தாள். வாசல் மிதியடியைப் பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள், மின்விசிறி இறக்கையைக்கூட அண்ணாந்து பார்த்தாள். ஒரு குறையும் கிடைக்கவில்லை. லூசியைப் பார்த்து முதல்தடவை சிரித்தாள். தன்னைப்போலவே ஒருத்தியைக் கண்ட சிரிப்பு.

"ஜன்னல் டபுள் கிளேசிங்கா? எங்க வீட்டுலயும் அதான். கீழ ட்ரெயின் போகும், ஒண்ணும் கேக்காது."

"நிம்மதிதான் ஆன்டி," என்றாள் செரீனா. அம்மா சொல்லிக்கொடுத்தபடி.

கேரனை ஏர்கோன் காற்று படும் இடமாக, ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பிரியாணி, கோழிப் பிரட்டல், வெள்ளரிக்காய்ப் பச்சடி. எல்லாம் நன்றாகப் போயிற்று. மேசையின் ஜன்னல் முனையில், சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் சவ்வரிசிப் பாயசத்தை ஊற்றி வரிசையாக வைத்திருந்தாள் லூசி. ஆறட்டும் என்று.

வெளியே போர்ட் கிள்ளான் வண்டி போயிற்று. சத்தமில்லை. பாயசத்தின் மேல் ஏடு மட்டும் மெல்ல நடுங்கியது.

வண்டி போய் முடிந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வயிற்றில் தொடங்கி, நெஞ்சில் உருண்டு, ஈரமாக, நிதானமாக.

ரோனி நிமிர்ந்து கால்வினைப் பார்த்தான், மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். கால்வினின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவன் செருமவில்லை என்று லூசிக்குத் தெரியும். யார் செருமினார்கள் என்று கால்வினுக்குத் தெரியும்.

டிக்.

பிளாஸ்டிக் மூடி மேசைமேல் விழுந்து உருண்டு, கேரனின் தட்டில் முட்டி நின்றது. கேரன் அதைப் போத்தல் மூடி என்று நினைத்திருக்க வேண்டும். ஈர டிஷ்யூவால் எடுத்து ஓரமாக வைத்தாள். வைத்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது லூசி. பொண்ண பிடிச்சிருக்கு. வீடும் பிடிச்சிருக்கு. ஜனவரியில கல்யாணத்த வச்சிக்கலாமா?"

செரீனா தலை குனிந்தாள். லூசிக்குக் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணால் அவள் பார்த்தது கேரனை அல்ல.

ஓட்டையில் அது எட்டிப் பார்த்தது.

முதலில் ஒரு மஞ்சள் புள்ளி. புள்ளி உப்பியது. தடித்தது. தன் கனம் தாங்காமல் கீழே இழுத்தது, நூலானது, நூலின் நுனியில் ஒரு கொழகொழத்த உருண்டை ஊஞ்சலாடியது. லூசி வாயைத் திறந்தாள். உருண்டை அறுந்தது.

கடைசிக் கிண்ணத்தில் விழுந்தது. சத்தமே இல்லாமல்.

சவ்வரிசிக்கு நடுவில் அது இன்னொரு சவ்வரிசி மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் பெரிசு. மெல்ல அமிழ்ந்தது.

"இதானே எனக்கு?" என்று கேரன் கையை நீட்டி, பக்கத்தில் இருந்த அந்தக் கிண்ணத்தையே எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சொல் போதும். அது வேணாங்க, வேற தர்றேன். இவ்வளவுதான். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஜன்னல் துப்பியது என்றா? ஜனவரி போய்விடும். செரீனா இந்த மேசையிலேயே அழுவாள். எதிர்ப்பக்கம் வள்ளியம்மா வேறு நிற்கிறாள்.

கேரன் கைப்பையைத் திறந்தாள். புது டிஷ்யூ எடுத்தாள். கரண்டியைத் துடைத்தாள், முன்னும் பின்னும், நன்றாக.

லூசி வாயை மூடிக்கொண்டாள்.

முதல் கரண்டி. இரண்டாவது. மூன்றாவதில் அது வந்தது. கரண்டி விளிம்பில் தொங்கியது. கேரனின் சிவப்பு உதடுகள் அதை உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொண்டன. ஒரு நொடி வாய் அசையாமல் இருந்தது. பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

"நல்லா கெட்டியா இருக்கு," என்றாள். "இந்த மாதிரி பாயசம் நான் சாப்பிட்டதே இல்ல."

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

*

கார் தெருமுனை திரும்பியதும் கால்வின் உள்ளே வந்தான். செரீனா மாடியில் தோழிகளுக்குப் போன் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். லூசி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றான் மெதுவாக.

"எத?"

"நானும் பாத்தேன் லூசி."

"பாத்தீங்கள்ல? அப்ப நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

கால்வின் எப்போதுதான் சொல்லியிருக்கிறான்? ஜன்னலின் முன் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான். அந்த ஓட்டைக்குக் கீழே உள்ளங்கையைக் குவித்து நீட்டினான்.

"துப்புங்கப்பா," என்றான்.

லூசி அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, என்ன செய்றீங்க! கைய எடுங்க!"

"துப்புங்கப்பா. நான் பிடிச்சிக்கிறேன்."

வெளியே ஒரு வண்டி போயிற்று. கண்ணாடி நடுங்கி நின்றது.

ஒன்றும் வரவில்லை.

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தான். சுருட்டு இல்லை, விக்ஸ் இல்லை. வெறும் கண்ணாடி வாடை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

"பாத்தீங்களா? தீர்த்தம் வேல செஞ்சிருச்சு. போயிட்டாரு," என்றாள் லூசி.

கால்வின் காலிக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எங்க போனாரு?"

லூசி பாத்திரங்களைக் கழுவப் போனாள். அந்தக் கிண்ணத்தை மட்டும் கழுவவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி, இன்னொரு பையில் சுற்றி, சந்தில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். தாமானில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

*

ஜனவரியில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. லூசி முன் வரிசையில்தான் உட்கார்ந்தாள். சாதிக் கண்ணாடி வேலையை விட்டுவிட்டு போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி வேலைக்குப் போய்விட்டான். வள்ளியம்மாவின் மகன் ராஜன் கேரி தீவுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். சந்தில் சிகரெட் புகைச்சல் தீர்ந்தது. கால்வின் அந்த இரட்டைக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு, திறந்து மூடுகிற சாதாரண ஜன்னல் போட்டான். இப்போது அந்த அறையில்தான் படுக்கிறான். லூசி ஒன்றும் சொல்வதில்லை. அந்த வீட்டில் பேசாமல் இருப்பது இப்போது அவள் முறை.

செரீனா பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவுக்குக் குடிபோனாள். மேகத்துக்குப் பக்கத்தில் வீடு. திறக்க முடியாத ஜன்னல்கள். கீழே ரயில்கள் பொம்மைபோல ஓடும், சத்தம் வராது. முதல் மாதம் தினமும் போன் செய்தாள், சந்தோஷமாக. பிறகு குறைந்தது. போன வாரம் காலையில் கூப்பிட்டவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மம்மி, அந்தப் பாயசத்துல அன்னைக்கு என்ன போட்டீங்க? ஆன்டி தெனமும் கேக்குறாங்க. நான் எப்படிச் செஞ்சாலும் அந்த ருசி இல்லேன்றாங்க. சண்டைக்கு வர்றாங்க மம்மி."

"சவ்வரிசி, பால், ஏலக்கா," என்றாள் லூசி. "வேற என்ன போடுவாங்க?"

"டிஷ்யூவையெல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்க. நாள் பூரா நாற்காலிய ஜன்னல் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு கீழ பாத்துக்கிட்டே இருக்காங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அப்போது போனில், செரீனாவின் குரலுக்குப் பின்னால், யாரோ தொண்டையைச் செருமினார்கள். அடி வயிற்றிலிருந்து. கரகரத்த, கனத்த, வயதான ஆணின் செருமல்.

லூசி குறுக்கிட்டாள். "யாரும்மா அது? ரோனியா?"

"ரோனி வேலைக்குப் போயிட்டாரு மம்மி," என்றாள் செரீனா. "ஆன்டிதான்."